சைக்கிளில் ஒரு சித்திர யாத்திரை

திருப்பூரில் சைக்கிள் விடுகிறவர்கள் இரண்டு வகை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதே என்று பறக்கிறவர்கள் ஒரு வகை. ஷிப்டு முடிந்துவிட்டதே என்று வீட்டுக்குப் பறக்கிறவர்கள் மற்றொரு வகை. எங்கேயும் போய்ச் சேரவேண்டிய அவசரமில்லாமல், வழியில் ஒரு பழைய புளியமரத்தைக் கண்டால் இறங்கி, அதன் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடும் மூன்றாவது வகையும் உண்டு என்பதைச் சென்ற பொங்கல் விடுமுறையின்போதுதான் அறிந்துகொண்டோம். அந்த வகையைச் சேர்ந்த பிள்ளையாண்டான் ஒருவனோடு நாலு நாள் சுற்றினோம். மூன்று நாள் சைக்கிளில், ஒரு நாள் கால்நடையாக. அதனால் நமது முழங்காலுக்கு நேர்ந்த கதியைச் சொல்லி நேயர்களின் அனுதாபத்தைச் சம்பாதிக்கும் உத்தேசம் இல்லை. இத்தனை வருஷமாகக் குடியிருக்கும் ஊரை அந்த நாலு நாளில்தான் முதன் முதலாகப் பார்த்தோம். அதைச் சொல்லவே பேனாவை எடுத்தோம்.

இன்னொரு உண்மையையும் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. நாம் கிளம்பியது சித்திரக் கலையில் கொண்ட மோகத்தினால் அல்ல. அந்தப் பிள்ளைக்குப் புத்தி சொல்வதற்காக அனுப்பப்பட்ட தூதராகவே கிளம்பினோம்.

தூது

பையன் நமது அண்டை வீட்டுக்காரரின் ஒரே மகன். தகப்பனார் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். தாயார் செக்கிங் பகுதியில் வேலை செய்கிறார். தைத்து வரும் உருப்படிகளை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, பிசிறு வெட்டி, நல்லதை ஒரு பக்கமும் டேமேஜை மற்றொரு பக்கமும் வைப்பது அவர் வேலை. 18 வருஷமாக வெள்ளைத் துணியைப் பார்த்துப் பார்த்து, இப்போதெல்லாம் மாலை வேளைகளில் அந்த அம்மாளுக்குக் கண் கூசுகிறது, தலையும் வலிக்கிறது. பையனோ சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் இரண்டாவது வருஷம் படிக்கிறான்.

"அண்ணா, நீங்க சொன்னாக் கேப்பானுங்க" என்றார் தகப்பனார், ஒரு நாள் இரவு நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு. "கம்பெனியில பிரிண்டிங் டிசைன் போடற எடத்துக்கு ஆள் கேக்கறாங்க. பொங்கல் கழிஞ்சு சேந்துட்டா மாசச் சம்பளம். அவனுக்குக் கை இருக்குதுங்க, அதை நான் இல்லீன்னு சொல்லலை. ஆனா அவன் மரத்தையும் மாட்டையும் எழுதிட்டிருந்தா, அவங்கம்மா கண்ணு என்னத்துக்கு ஆகறதுங்க?"

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. ஆகையால் சரியென்று வாக்குக் கொடுத்தோம். மறுநாள் காலை பையன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நாமும் வருவதாகச் சொன்னோம்.

"நீங்களா, பெரியப்பா?" என்று அவன் நம்மை மேலும் கீழும் பார்த்தான். சித்திரக்காரனின் பார்வை அல்லவா? நமது சரீரத்தின் கன பரிமாணங்களையும், நமது பழைய சைக்கிளின் வலிமையையும் ஒரே நொடியில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டான். ஆயினும் மரியாதை தெரிந்த பிள்ளை, ஒன்றும் சொல்லவில்லை.

தோளில் ஒரு துணிப்பை. அதில் ஒரு ஸ்கெட்ச் புத்தகம், நாலு பென்சில், சின்ன வர்ணப் பெட்டி, இரண்டு தூரிகை, தண்ணீர்ப் புட்டி, ஒரு தகரக் குவளை. அவ்வளவுதான் அவனுடைய ஆஸ்தி. விடுமுறை முடிந்து வரும்போது 100 சித்திரங்கள் கொண்டுவரவேண்டுமென்று வாத்தியார் சொல்லியிருக்கிறாராம். "போட்டோவப் பாத்து எழுதினது ஒண்ணு இருந்தாலும் கண்டுபிடிச்சிருவாருங்க" என்றான். அந்தக் கல்லூரி மாணவர்கள் இப்படி வெளியே போய் எழுதுவதை 'அவுட்டோர்' என்கிறார்கள்.

கொங்கு நாட்டுப் பென்சில்கள்

அந்தக் கல்லூரியின் பூர்வோத்தரத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். 1850-ம் வருஷத்தில் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் சென்னையில் ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது. 1929-ல் வங்காளத்துச் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌதுரி அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நாலு தொழிலாளிகள் ஒரு பெரும்பாறையை நெம்பித் தள்ளும் உழைப்பாளர் சிலையைச் சென்னைக் கடற்கரையில் பார்க்காதவர் யார்? 1959-ல் அங்கே வைக்கப்பட்ட அந்தச் சிலை அவர் கை வண்ணம்தான். அவருக்குப் பின் 1957-ல் தலைமைக்கு வந்த கே. ஸி. எஸ். பணிக்கர் 1911-ல் நமது கோயம்புத்தூரிலேயே பிறந்தவர். சிறு வயது முதல் மரங்களையும் நீர்நிலைகளையும் எழுதி வந்தவர், உத்தியோகம் பார்த்துவிட்டு, 25-வது வயதில்தான் அந்தப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1966-ல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைக் கடலோரத்தில் ஸ்தாபித்தவரும் அவரே.

'சில்பி' என்ற பெயரை நமது பாட்டன்மார் வீட்டில் எல்லாரும் அறிவார்கள். 1919-ல் நாமக்கல்லில் பிறந்த அந்த ஸ்ரீநிவாசனும் ராய் சௌதுரியின் மாணவர்தான். கோயில் கோயிலாகப் போய், ஒவ்வொரு தூணுக்கும் சிலைக்கும் முன்னால் உட்கார்ந்து எழுதி, 'தென்னாட்டுச் செல்வங்க'ளை விகடன் பக்கங்களில் வாரந்தோறும் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தார். அந்தச் சித்திரங்களைக் கத்தரித்துப் பைண்டு செய்து பூஜை அறையில் வைத்திருந்த குடும்பங்கள் உண்டு.

இதையெல்லாம் பையன் சைக்கிள் மிதித்துக்கொண்டே சொன்னான். நாம் பதில் பேசவில்லை. புத்திமதி சொல்ல எண்ணியிருந்தோம். ஆனால் அவிநாசி சாலையின் சிறு மேட்டில் மூச்சும் பேச்சும் ஒன்றாக வர மறுத்துவிட்டன.

வழிப்பறி நடந்த தலம்

திருப்பூரிலிருந்து எட்டு கிலோமீட்டரில் திருமுருகன்பூண்டி. சேர மன்னர் கொடுத்த பொன்னையும் பொருளையும் எடுத்துக்கொண்டு சுந்தரமூர்த்தி நாயனார் இந்த வழியே வந்தபோது, சிவபெருமான் தமது பூதகணங்களை வேடர்களாக்கி அனுப்பி அவ்வளவையும் பறித்துக்கொண்டார் என்பது ஸ்தல புராணம். சுந்தரர் பாட, பொருள் திரும்பி வந்தது. நமக்கு அவ்வாறு பாடத் தெரியாதாகையால், இரண்டு சைக்கிளையும் சேர்த்து ஒரே சங்கிலியில் பூட்டினோம்.

இன்றைய பூண்டியின் பெருமை அதன் சிற்பக் கூடங்கள். சாலை ஓரத்திலேயே விநாயகர்களும் நந்திகளும் யானைகளும் பாதி உடம்போடு கருங்கல்லிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். மூக்கில் துணி கட்டிய சிற்பிகள். உளிச் சத்தம், மிஷின் சத்தம், எங்கும் வெள்ளைத் தூள். பையன் ஒரு முடியாத நந்தியின் முன்னால் உட்கார்ந்தான். கால் மணி நேரம் பென்சில் ஓடிற்று. வயது முதிர்ந்த சிற்பி ஒருவர் உளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"சலங்கையெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கறே, தம்பி. அதைக் கட்டறதுக்குக் கழுத்து எங்கே?"

பார்த்தோம். உண்மைதான். மணிகளும் சங்கிலியும் வெகு நேர்த்தியாக இருந்தன. அவற்றைத் தாங்கவேண்டிய கழுத்து மாத்திரம் வாழைத் தண்டு போலிருந்தது. பையன் சிவந்து போனான். பெரியவர் பக்கத்திலிருந்த கல்லில் சிவப்புக் காவியால் நாலு கோடு இழுத்தார்; தலை, கழுத்து, திமில், பின்புறம். வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த நாலு கோட்டிலே ஒரு மாடு கனத்தோடு படுத்திருந்தது. பையன் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பி, நாலே கோட்டிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தான்.

அங்கிருந்து அவிநாசி ஐந்து கிலோமீட்டர். முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் மீட்டுக் கொடுத்த தலம். தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. அதை முழுவதும் எழுதுவான் என்று நாம் எதிர்பார்க்க, அவனோ அதன் பெருஞ்சக்கரம் ஒன்றையும், அதன் நிழலில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரையும் மட்டும் எழுதினான். "அவரு இருக்கறதனாலதான் சக்கரம் எம்மாம் பெருசுன்னு தெரியுதுங்க" என்றான். நாம் அந்தத் தேரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அது எவ்வளவு பெரிது என்பது அந்தத் தூங்குமூஞ்சி மனிதரால்தான் அன்று விளங்கிற்று.

குளத்துக்கு வந்த விருந்தாளிகள்

இரண்டாவது நாள் ஊத்துக்குளி சாலை. வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளிக்கு நாங்கள் போய்ச் சேரவில்லை. வழியில் சர்க்கார் பெரியபாளையத்தில் நஞ்சராயன் குளம் எங்களை நிறுத்திவிட்டது. அவிநாசிப் பக்கத்திலிருந்து வரும் நல்லாறு நிரப்பும் குளம் அது. 2022-ல் அரசாங்கம் அதைப் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தது. 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அதுவும் இடம் பெற்றது.

பனி விலகாத காலை. கரையில் சீமைக் கருவேல். நீரின் மேல் கூழைக்கடாக்கள் ஓடம் போல் மிதந்தன. நாமம் தரித்தாற்போல் தலையில் இரண்டு கறுப்புப் பட்டையுள்ள வரித்தலை வாத்துக்கள் தூரத்தில் ஒரு கூட்டமாக நின்றன. இமயமலைக்கு மேலாகப் பறந்து வரும் பறவைகள் அவை. பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் வருஷா வருஷம் திருப்பூருக்கு வந்து, ஒரு பனியன்கூட ஆர்டர் கொடுக்காமல் திரும்பிப் போகிற வெளிநாட்டார் இவர்கள் மட்டுமே.

இதுதான் சமயமென்று தொண்டையைக் கனைத்தோம். கூட்டத்தில் பாதி எழுந்து பறந்துவிட்டது. பையன் விரலை உதட்டில் வைத்தான். அப்புறம் மூன்று மணி நேரம் நாம் வாயைத் திறக்கவில்லை.

அப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததில் ஒரு காரியத்தைக் கவனித்தோம். பறவை அசைந்துவிட்டால் பையன் அந்தக் கோட்டைப் பாதியில் விட்டுவிட்டு, பக்கத்திலேயே வேறொன்றைத் தொடங்குவான். பறவை பழைய நிலைக்குத் திரும்பினால் பழைய கோட்டுக்கு இவனும் திரும்புவான். ஒரே தாளில் பதினைந்து அரைகுறைக் கழுத்துக்கள். அந்தத் தாளிலே அழகான சித்திரம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் வாத்து தலையைத் திருப்பும் விதம் முழுவதும் அதில் இருந்தது. "மிஷின்ல தைக்கறவங்களையும் இப்படித்தானுங்க எழுதணும்" என்று திரும்பும்போது சொன்னான். "கை நிக்காது. ஆனா அதே எடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும்."

கொம்புக்குக் கிடைத்த பாராட்டு

மூன்றாவது நாள் பட்டிப் பொங்கல். காங்கயம் போகும் சாலையில் புறப்பட்டோம். நகரத்தின் சந்தடி அடங்கியதும் இரு மருங்கிலும் கொரங்காடுகள் ஆரம்பித்தன. கொங்கு நாட்டின் மேய்ச்சல் காட்டுக்கு அதுதான் பெயர். சுற்றிலும் உயிருள்ள கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நடுநடுவே குடை பிடித்தாற்போல் வெள்வேல் மரங்கள். மழை குறைந்த பூமியில் மாடும் புல்லும் மரமும் ஒன்றையொன்று காப்பாற்றிக்கொள்ளும்படி நம் முன்னோர் செய்த ஏற்பாடு இது. பழையகோட்டைப் பட்டக்காரர்கள் பேணி வளர்த்துப் பேரும் புகழும் பெறச் செய்த காங்கயம் மாடுகள் இந்தக் காடுகளில் மேய்ந்தவைதான்.

ஒரு தோட்டத்துப் பட்டியில் இறங்கினோம். காளையை எழுதிய பையனுக்கு வர்ணத்தில் சந்தேகம் வந்துவிட்டது. தாய் சாம்பல் நிறம். கன்றோ செக்கச் செவேலென்று நிற்கிறது. கன்று இதனுடையதுதானா என்று கேட்டான். தோட்டத்துக்காரர் சிரித்தார்.

"பொறக்கறப்பச் செவலைதானுங்க, கண்ணு. ஆறு மாசத்துல மயிலையாயிரும். காளையா வுட்டா, கழுத்தும் திமிலும் கறுத்துப் போகும். எருதாக்கிட்டா அந்தக் கறுப்பு வெளுத்துரும். ஒரே மாடுதான், மூணு சாயம்!"

சாயத் தொழில் மனிதர்கள் கண்டுபிடித்தது என்று எண்ணியிருந்த நமக்கு இந்தச் செய்தி புதிது. அவர் பையனுடைய வர்ணப் பெட்டியைச் சிறிது நேரம் உற்று நோக்கினார். பிறகு, "தம்பி, கையோட இந்தக் கொம்புக்கும் ரெண்டு இழுப்பு இழுத்துருங்களே" என்றார். நீர்வர்ணம் கொம்பில் நிற்காது என்று பையன் சொல்லிப் பார்த்தான். அவர் உடனே ஒரு டப்பா பெயிண்டைக் கொண்டு வந்துவிட்டார். பட்டியில் இருந்த எட்டுக் கொம்புகளுக்கும் பச்சையும் சிவப்பும் பூசி முடிப்பதற்குள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அன்று அவன் எழுதியவற்றில் பொதுமக்களின் ஏகோபித்த பாராட்டைப் பெற்றது கொம்புதான். சன்மானமாக ஆளுக்கு ஒரு சொம்பு மோரும், இலையில் பொங்கலும் கிடைத்தன.

அதன் பிறகு அவனுக்கு உபதேசம் செய்வதற்கு நமக்கு வயிற்றில் இடமில்லை.

ஆற்றின் நிறம்

நாலாவது நாள் சைக்கிளை எடுக்கவில்லை. "இன்னிக்கு ஊருக்குள்ளயே நடக்கலாங்க" என்றான் பையன். ரயிலடிக்கு அருகிலுள்ள குமரன் நினைவகத்திலிருந்து புறப்பட்டோம். 1932-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி இந்த ஊர்த் தெருவில் கொடியைப் பிடித்தபடி தடியடி பட்டு விழுந்து, மறுநாள் உயிர் நீத்த திருப்பூர் குமரன், சென்னிமலையில் நெசவுத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்துத் திருப்பூர் கதர் ஊர். கைராட்டினத்தில் நூற்ற நூல் இங்கே வந்து குவிந்து, துணியாகி, நாடெங்கும் போயிற்று. பிறகு வட்டப் பின்னல் மிஷின்கள் பெருகிப் பனியன் ஊராயிற்று. 2009-ல் ஒரு ஜில்லாவின் தலைநகரமும் ஆயிற்று. கதரானாலும் பனியனானாலும் இந்த ஊரின் ஜீவன் நூல் இழையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பொங்கலை முன்னிட்டுக் கம்பெனிகள் அடைத்திருந்தன. மிஷின் சத்தம் இல்லாத திருப்பூர், மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதனைப் போல் இருந்தது. சந்து பொந்துகளின் வழியே நடந்து நொய்யல் பாலத்தை அடைந்தோம்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் ஜில்லாவில் காவிரியோடு கலக்கிறது. இதே ஆற்றின் கரையிலே, கீழே கொடுமணலில், இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பு மணிக் கற்களைப் பட்டை தீட்டித் துளையிட்டு வியாபாரம் செய்தார்கள் என்பதைப் பூமியைத் தோண்டிக் கண்டிருக்கிறார்கள். ஆனால் நமது தலைமுறை இந்த ஆற்றுக்குச் செய்த காரியம் வேறு. துணிக்குச் சாயமேற்றிய கழிவு நீர் வருஷக் கணக்கில் இதில் விடப்பட்டது. உழவர்களுக்காக 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை, பாசனத்துக்கு உதவாமல் சாயக் கழிவின் தொட்டியாயிற்று. உழவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவைச் சுத்திகரித்து, ஒரு சொட்டும் வெளியே விடாமல் நீரைத் திரும்ப உபயோகிக்கும் ஏற்பாடுகள் அதன் பின்னரே விரிவாக வந்தன. இடைக் காலத்தில் எத்தனையோ தொழிலாளர் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. ஆற்றைக் கெடுத்ததும் துன்பம். கெடுத்ததை நிறுத்தியதும் துன்பம். இரண்டையும் அனுபவித்தவர்கள் ஏழைகளே.

பையன் கரையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தான். பாலம், கரையோரத்துத் தகரக் கூரைகள், அறுந்து தொங்கும் ஒரு பட்டம் எல்லாம் தாளில் வந்துவிட்டன. தண்ணீருக்கு மட்டும் வெள்ளைத் தாள் காத்துக்கொண்டிருந்தது. எதிரே ஓடிய நீரோ ஊர்ச் சாக்கடையின் கறுப்பு. கல்லில் மோதிய இடத்தில் நுரை.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த பாட்டி ஒருத்தி நின்றாள். "ஏஞ்சாமி, ஆத்தையா எழுதறே? நாங்க வாக்கப்பட்டு வந்தப்ப இதுல ஊத்துத் தோண்டித்தான் குடிக்கத் தண்ணி மோந்தோம். பாதம் தெரியும். அப்படி எழுது சாமி, நல்ல தண்ணியா எழுது" என்றாள்.

பையன் வர்ணப் பெட்டியில் நீலத்தைத் தொட்டான், தூரிகையை எடுத்துவிட்டான். நீலத்தோடு பழுப்பைக் கலந்தான், அதையும் துடைத்துவிட்டான். பாட்டி கேட்ட ஆறு அவனுக்குத் தெரியாது. அவன் பிறந்தது முதல் பார்த்த ஆறு இதுதான். கடைசியில் தகரக் குவளையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, ஆற்று நீரையே சிறிது மொண்டு வந்தான். அதில் வர்ணம் எதையும் சேர்க்கவில்லை. தூரிகையை அதிலே தோய்த்து, வெள்ளையாக விட்டிருந்த இடத்தில் ஒரே வீச்சாக இழுத்தான். காய்ந்தபோது அழுக்குச் சாம்பல் நிறமும், ஓரத்தில் ஒரு மெல்லிய கறையும் தங்கின. ஆற்றை ஆறே எழுதிக்கொண்டது.

பாட்டி வெகு நேரம் பார்த்தாள். "இதை யாருக்குக் காட்டப் போறே?" என்று கேட்டாள்.

"எங்க வாத்தியாருக்குங்க, ஆத்தா. அப்புறம் கேக்கறவங்களுக்கெல்லாம்."

"காட்டு" என்று சொல்லிவிட்டு அவள் ஆடுகளின் பின்னால் போய்விட்டாள். நாம் சட்டைக்குள் போட்டிருந்த பனியனை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். அது நல்ல நீல நிறமாயிருந்தது.

செக்கிங்

அன்று மாலை பையன் வீட்டு வாசலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் இரவு அவனுக்கு ரயில். அல்லது ரயில் இல்லை. கம்பெனிக்குப் பதில் சொல்லவேண்டிய நாளும் அதுதான். தகப்பனார் நம் முகத்தைப் பார்த்தார். நாம் தென்னை மரத்தைப் பார்த்தோம்.

விடுமுறையென்றாலும் அம்மாளின் கை சும்மா இருக்கவில்லை. ஊருக்குக் கொண்டுபோகவேண்டிய பிள்ளையின் சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு, பழக்கத்தினால் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். பையன் ஸ்கெட்ச் புத்தகத்தைத் திறந்தான்.

"என்னைய எதுக்குடா எழுதறே? மூஞ்சிகூடக் களுவலை."

"மூஞ்சி இல்லீம்மா. கை."

வாத்தின் கழுத்தை எழுதியதைப் போலவே எழுதினான். கை போகும், வரும். இவன் விட்டு விட்டுப் பிடிப்பான். ஒரு பக்கம் நிரம்பிற்று. மறு பக்கமும் நிரம்பிற்று. தகப்பனார் முதலில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழுத்தை நீட்டினார். பிறகு எழுந்து வந்து பின்னால் நின்றார்.

"தப்பு" என்றார். "கத்திரியை அவ அப்படிப் புடிக்க மாட்டா. வளையத்துல வெரல் வுடற கத்திரி இல்லடா அது. உள்ளங்கையில அடங்கி இருக்கும்; கட்டை வெரலு மட்டுந்தான் அமுக்கும். இங்க பாரு." உட்கார்ந்து, அந்தச் சிறு கத்திரியை வாங்கி, தம் கையில் பிடித்துக் காட்டினார். பையன் கழுத்தில்லாத நந்தியை நினைத்துக்கொண்டானோ என்னவோ, மறு பேச்சுப் பேசாமல் புதிய பக்கத்தைத் திருப்பினான். அரை மணி நேரம் அந்த மனிதர் கையை அசைக்காமல் வைத்திருந்தார். ஒரு நாளில் எத்தனையோ நூறு உருப்படி தைக்கும் கை அது. விழித்திருக்கும் வேளையில் அவ்வளவு நேரம் அது அசையாமலிருந்ததை நாம் பார்த்ததில்லை.

எழுதி முடித்ததை அம்மாள் வாங்கினார். விளக்குக்கு நேரே, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தையும் பார்த்தார். "இங்க ஒரு பிசிறு இருக்குது" என்று ஓரத்தில் தப்பி நின்ற பென்சில் கோடு ஒன்றைச் சுட்டிக் காட்டினார். கண் கூசுகிறது என்கிறார்களே, அந்தக் கண்தான் அதையும் கண்டுபிடித்தது. பிறகு, மடித்து வைத்திருந்த நல்ல சட்டைகளின்மேல் அந்தத் தாளை வைத்தார். டேமேஜ் பக்கம் வைக்கவில்லை.

"பேசினீங்களாண்ணா?" என்று தகப்பனார் நம்மைத் தனியே கேட்டார்.

இல்லையென்று ஒப்புக்கொண்டோம்.

"நாலு நாளா ரெண்டு பேரும் என்னதான் பண்ணீங்க?"

பார்த்துக்கொண்டிருந்தோம் என்றோம். வேறு என்ன சொல்வது?

அவர் சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. "இந்த வருசம் முடியட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார். ஆகவே நமது தூது பலித்ததா, பலிக்கவில்லையா என்று நேயர்கள் கேட்டால், இன்னும் ஒரு வருஷத்துக்குப் பதில் சொல்ல இயலாது. அந்த இடத்துக்குக் கம்பெனியார் வேறு ஒரு பையனை எடுத்துக்கொண்டார்கள். இந்த வீட்டின் கணக்கு வழக்குகள் முன்போலவே இறுக்கமாகத்தான் இருக்கின்றன. நம்மால் ஆனது ஒன்றே ஒன்று. அடுத்த வாரம் அந்த அம்மாளைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறார், தலைவலி குறைந்திருக்கிறதாம். இதைச் செய்வதற்குப் பதினெட்டு வருஷமும் ஒரு சித்திரமும் வேண்டியிருந்தன என்பதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பையன் மறுநாள் இரவு ரயில் ஏறினான். 100 சித்திரத்துக்கு மூன்று குறைவு. மாட்டுக் கொம்புகளைச் சேர்த்தால் ஐந்து அதிகம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். வண்டி புறப்படும் சமயம் தகப்பனார் ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியே கொடுத்தார். கம்பெனியின் கட்டிங் மாஸ்டரிடம் கேட்டு வாங்கிய பேட்டர்ன் அட்டை. துணி வெட்டுவதற்கு அளவு எடுக்கும் கெட்டி அட்டை. தாளுக்கு அடியில் வைத்து எழுத வசதியாயிருக்கும். ஒரு மூலையில் யாரோ பென்சிலால் எழுதிய தோள் அளவும் கை அளவும் அப்படியே இருந்தன.

"ஓரம் கூரா இருந்துச்சு. ராவித்தான் வச்சிருக்கறேன். பாத்துப் புடி" என்றார்.

பையனுடைய சைக்கிள் இப்போது நம் வீட்டில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏறிக் கொஞ்ச தூரம் போய் வருகிறோம். நமக்குச் சித்திரம் எழுத வராது. ஆயினும் புளியமரத்தைக் கண்டால் இறங்கிவிடுகிறோம்.